2147483647: ஒரு பகா எண்ணின் பயணம்

முப்பத்தொரு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வருவதில் ஒன்றைக் கழித்தால் 2147483647. நம் கணக்கில் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. இது பகா எண் என்று 1603-இலேயே எழுதிவிட்டார் பொலோன்யாவைச் சேர்ந்த கட்டால்டி. நிரூபணம் தரவில்லை. அதே மூச்சில் 31-க்குப் பதில் 23, 29, 37 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருபவற்றையும் சேர்த்துச் சொன்னார். ஃபெர்மாவும் ஆய்லரும் அவற்றை உடைத்துப்போட்டார்கள். 31 மட்டும் தப்பியது. 1644-இல் பிரெஞ்சுத் துறவி மெர்சென் வெளியிட்ட பட்டியலிலும் அது இருந்தது. அதில் 67, 257 இரண்டும் தவறு. 61, 89, 107 விடுபட்டவை. ஆனாலும் இந்த இனத்துக்கே மெர்சென் பெயர்தான். அவருக்குக் கொஞ்சம் அதிகப்படியான மரியாதை என்றே எனக்குத் தோன்றும்.

உழைத்தவர் ஆய்லர். 1772, பீட்டர்ஸ்பர்க், பார்வை அநேகமாகப் போய்விட்ட காலம். ஓர் எண் பகுபடும் என்றால் அதன் வர்க்கமூலத்துக்குள் ஒரு காரணி அகப்பட்டே தீரும். இங்கே அந்த எல்லை 46340. அதற்குள் ஏறக்குறைய 4,800 பகா எண்கள். இதற்குக் காரணி இருந்தால் அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வந்தாக வேண்டும் என்று ஆய்லர் கண்டார். சோதிக்க வேண்டியவை நூற்றுக்கும் கீழே இறங்கின. ஒன்றும் வகுக்கவில்லை.

இந்தப் பகா எண்ணிலிருந்து 19 இலக்கமுள்ள ஒரு நிறைவெண் பிறக்கிறது: தன்னைத் தவிர்த்த வகுஎண்களைக் கூட்டினால் தானே திரும்ப வரும் எண். 1811-இல் ஆங்கிலேயர் பீட்டர் பார்லோ, இதைவிடப் பெரிய நிறைவெண்ணை யாரும் தேடப்போவதில்லை, இவை வெறும் வேடிக்கை, பயன் கிடையாது என்று எழுதினார். 1876-இல் லூக்கா 39 இலக்கப் பகா எண்ணோடு வந்து அந்த வாக்கைப் பொய்யாக்கினார்.

பயன் 1969-இல் வந்தது. கணினிக்குக் குருட்டாம்போக்கில் எண்கள் தேவைப்பட்டன. லூயிஸ், குட்மன், மில்லர் மூவரும் ஒரு வழி சொன்னார்கள்: கையிலுள்ள எண்ணை 16807-ஆல் பெருக்கு, 2147483647-ஆல் வகு, மீதியை எடுத்துக்கொள், மறுபடி பெருக்கு. 1 முதல் 2147483646 வரை அத்தனையும் ஒருமுறை வந்த பிறகே தொடர் தொடங்கிய இடத்துக்குத் திரும்பும். வகுக்கும் எண் பகா எண் என்பதே இதற்கு அடிப்படை. பார்லோவுக்கு நேரான பதில் இதுதான்.

ஆனால் ஊரறிந்த புகழுக்கும் பகாத்தன்மைக்கும் சம்பந்தமே இல்லை. கணினி ஓர் எண்ணுக்குத் தரும் 32 பிட்டில் (இரும இலக்கங்களில்) ஒன்றைக் கூட்டல், கழித்தல் குறிக்கு ஒதுக்கினால் மீதி 31. அதில் கொள்ளும் மிகப் பெரிய எண் இது. 2014-இல் கங்னம் ஸ்டைல் பாடலின் பார்வைகள் இந்த வரம்பை நெருங்கியதால் யூடியூப் 64 பிட்டுக்கு மாறியது. யூனிக்ஸ் வழிக் கணினிகள் 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணி வருகின்றன. பழைய 32 பிட் கடிகாரங்களில் அந்தக் கணக்கு 2038 ஜனவரி 19 அன்று, இந்திய நேரப்படி காலை 8:44:07-க்கு நிரம்பும். மாற்றப்படாத கருவிகளுக்கு அடுத்த நொடி 1901 டிசம்பர்.