பத்து வேகம்: ஒரு பெயர், மூன்று பொருள்

ஹனூரை உள்ளடக்கிய கொள்ளேகால் வட்டம் 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பின்னர் மைசூருடன் இணைந்தது. ஆட்சியெல்லை மாறியபோது மிதிவண்டிச் சங்கிலி மாறவில்லை. 1949இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ் ஆனாலும், லூதியானாவின் ஹீரோ ஆனாலும், சங்கிலியின் ஒரு பின்னுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி அரை அங்குலம். பின்சக்கரத்தில் ஒரே பல்சக்கரம். பழுதுகடையில் எந்த நிறுவனத்து வண்டி என்ற கேள்விக்கு அவசியம் இல்லை.

இன்று ஹனூரிலிருந்து மலை மாதேஸ்வரர் மலைக்குக் கியர் வண்டியில் ஏற விரும்புபவர், ஏற்றத்திற்காகப் பின்பக்கம் பெரிய பல்சக்கரங்களைத் தேடுகிறார். அரை அங்குலம் இன்றும் அரை அங்குலமே. ஆயினும் ‘பத்து வேகம்’ என்ற பெயரை மட்டும் நம்பி உதிரிப்பாகம் வாங்க இயலாது.

1970களில் அப்பெயர் ஒரு பெருக்கல்: முன்னால் 2, பின்னால் 5. நெம்பை எவ்வளவு இழுப்பது என்பதை ஓட்டுபவரின் கையும் காதும் தீர்மானித்தன. ஆகவே பிரான்சின் சிம்ப்ளெக்ஸ் நெம்பும், சங்கிலியை நகர்த்தும் ஜப்பானிய சன்டூர் டெரெய்லரும் ஒரே வண்டியில் இணங்கின. (தர நிர்ணயக் குழு எதுவும் இந்த இணக்கத்தை உருவாக்கவில்லை, மனிதக் கையின் நெகிழ்வே உருவாக்கியது.)

1984இல் ஷிமானோவின் டியூரா-ஏஸ் அந்த வேலையை நெம்புக்குள் வைத்தது. ஒவ்வொரு ‘கிளிக்’கிற்கும் கம்பி குறித்த அளவே நகரும். அன்றுமுதல் நெம்பு, டெரெய்லர், பல்சக்கர இடைவெளி மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தன.

2000களில் ‘பத்து’ என்பது பின்பக்க எண்ணிக்கை மட்டுமாகச் சுருங்கியது. அப்போதும் பல்சக்கர இடைவெளி ஷிமானோவில் ஏறத்தாழ 3.95 மி.மீ., காம்பக்னோலோவில் 4.15 மி.மீ. வேறுபாடு அற்பமாகத் தோன்றும். ஒன்பது இடைவெளிகளில் அது ஒன்றரை மி.மீட்டரைத் தாண்டும். சங்கிலி அடுத்த பல்லில் உரசுவதற்கு அது போதும்.

மூன்றாம் பொருள் ஒரே நிறுவனத்திற்குள் பிறந்தது. ஷிமானோவின் டியாக்ரா 4600, 2015இல் வந்த 4700 இரண்டும் பின்னால் பத்துப் பல்சக்கரம் கொண்டவை. பல்சக்கர இடைவெளியும் ஒன்றே. ஆனால் கம்பி இழுக்கும் அளவு மாறியது. 4600இன் நெம்பு 4700இன் டெரெய்லரைச் சரியாக நகர்த்தாது. சங்கிலியையும் பல்சக்கரத் தொகுதியையும் இவ்விரண்டிற்கிடையே மாற்றிக்கொள்ளலாம். நெம்பையும் டெரெய்லரையும் வாங்கும்போது மட்டும், வேக எண்ணிக்கையை விட்டுவிட்டு, பாகத்தில் பொறித்திருக்கும் மாதிரி எண்ணைப் படிக்க வேண்டும்.