கைத்திரையும் வாக்குச் சீட்டும்

மக்களாட்சியில் வாக்காளர் தம் தலைவரை நேரிற் பழகித் தேர்ந்தெடுத்தல் அரிது. பெரும்பாலோர் அறிவது தலைவரின் படிமத்தையே. அப்படிமத்தை ஆக்கும் கருவி காலந்தோறும் மாறி வந்துள்ளது.

தமிழகத்தில் அது மேடையாகவும் பின்னர் வெள்ளித்திரையாகவும் இருந்தது. 1967 சனவரி 12இல் குண்டடிபட்ட எம்.ஜி.ஆர். மருத்துவமனையில் கிடந்தார். கழுத்துக் கட்டுடன் அவர் தோன்றிய சுவரொட்டி ஊர்தோறும் ஒட்டப்பெற்றது. தொகுதிக்குச் செல்லாமலேயே அவர் பரங்கிமலையில் வென்றார். எனினும் தி.மு.க. ஆட்சியைப் பிடித்தமைக்கு அரிசித் தட்டுப்பாடும் 1965ஆம் ஆண்டு இந்தி எதிர்ப்புப் போராட்டமும் காரணங்களாயின. படிமம் மக்கள் மனக்குறையின் மீதே வேரூன்றிற்று.

மலேசியாவில் அப்பணியை இன்று கைப்பேசித் திரை ஏற்றுள்ளது. வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்த சட்டத்திருத்தம் 2021 டிசம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. 2022 நவம்பர் 19இல் நிகழ்ந்த 15ஆவது பொதுத்தேர்தலில் இளையோர் பலர் முதன்முறை வாக்களித்தனர். அவர்தம் கையில் டிக் டாக் இருந்தது. இசைக்கேற்ப மெல்ல நடந்துவரும் தலைவர் முதியவரின் கையைப் பற்றுகிறார். சில நொடிகளில் காட்சி முடிகிறது. தலைவர் இரக்கமுடையவர் என்னும் எண்ணம் எஞ்சுகிறது. அவர் கொள்கை யாதென்னும் வினா எழுவதேயில்லை. தேர்தல் முடிந்தபின் 1969 மே 13 கலவரத்தைச் சுட்டி இனப்பகை மூட்டும் காணொளிகளும் அதே திரையில் உலவின. காவல்துறை எச்சரிக்க நேர்ந்தது.

சுவரொட்டிக்கும் கைத்திரைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. சுவரொட்டியை ஊரே கண்டது. எதிர்க்கட்சியினரும் கண்டு மறுமொழி கூறினர். கைத்திரையோ அவரவர் விருப்பறிந்து வெவ்வேறு காட்சியை ஊட்டுகிறது. அயலார் காணாத காட்சியை மறுப்பவர் யார்?

2024 சூலை 6இல் பினாங்கின் சுங்கை பாக்காப் சட்டமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. பாஸ் கட்சியின் அபிடின் இஸ்மாயில், கெஅடிலான் கட்சியின் ஜொஹாரி அரிஃபினை 4,267 வாக்குகள் வேறுபாட்டில் வென்றார். அங்கே பெரிதும் பேசப்பட்டவை குழாய்நீர்த் தடையும் வாழ்க்கைச் செலவுமாகும். நீர் வாராத குழாயை நொடிப்பொழுதிற் காட்டலாம். நீர் வருவதற்கான திட்டத்தையும் செலவையும் காலத்தையும் அந்நொடியில் அடக்குதல் இயலாது. படிமம் குறையை எடுத்துக்காட்டும்; தீர்வை ஆராயும் பொறுமையைக் கெடுத்தும் விடும்.

18 வயதில் வாக்குச் சீட்டைப் பெறுவோர் நேற்றைய பள்ளி மாணவரே. செய்யுளுக்குப் பொருள் காணப் பழக்கும் தமிழாசிரியர், காட்சிக்கும் பொருள் காணப் பழக்குதல் வேண்டும். எடுத்தவர் யார், விடுத்தது எது, விளைவு யாருக்கு என மூன்று வினாக்களை எழுப்பக் கற்ற மாணவர், எத்திரைக்கும் எளிதில் மயங்கார்.