சாந்திநிகேதனத்துச் சீன பவனம்

பிறமொழி கற்பது பிழைப்பின் பொருட்டே என்று எண்ணுவோர் நம்மில் பலர். பணி மாற்றம் பெற்று வந்த ஊரின் மொழியை அங்காடிக்கும் அலுவலகத்திற்கும் போதிய அளவு கற்று அமைகின்றோம். ஆயின், ஒரு மொழியை அதன் நூல்களுக்காகவே ஆண்டுக்கணக்கில் பயின்ற பெரியோர் இந்நாட்டில் இருந்தனர். வங்கத்தில் போல்பூர் இரயில் நிலையத்தை அடுத்துள்ள சாந்திநிகேதனத்துச் சீன பவனத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அதனை அன்பர்களுக்கு ஈண்டுச் சுருங்க உரைக்க விழைகின்றோம்.

சீனருக்கும் நமக்கும் உள்ள கல்வித் தொடர்பு மிகப் பழையது. கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் தரைவழியே வந்த யுவான் சுவாங், நாலந்தாவில் சீலபத்திரரிடம் பாடம் கேட்டார். சீலபத்திரரின் ஆசிரியர் தருமபாலர். அவர் காஞ்சிபுரத்திற் பிறந்தவர் என்று யுவான் சுவாங்கே எழுதி வைத்துள்ளார். 645-இல் தாயகம் மீண்டபோது 657 நூல்களை உடன்கொண்டு சென்ற அவர், எஞ்சிய வாழ்நாளை மொழிபெயர்ப்பிலேயே கழித்தார். 671-இல் கடல்வழிப் புறப்பட்ட இத்சிங், ஸ்ரீவிசயத்தில் ஆறு திங்கள் தங்கி வடமொழி இலக்கணம் பயின்ற பின்னரே இந்நாட்டிற்கு வந்தார். காலப்போக்கில் இங்கே மூலநூல்கள் பல அழிந்தன. அங்கே மொழிபெயர்ப்புகள் நிலைத்தன. நம் முன்னோர் தேடிவைத்த செல்வத்தைக் காண அயலார் மொழியைக் கற்க வேண்டிய நிலை இவ்வாறு நேர்ந்தது.

இதனை நன்குணர்ந்தவர் கவியரசர் தாகூர். 1921-இல் விசுவபாரதியைத் தொடங்கியபோதே பிரெஞ்சு அறிஞர் சில்வேன் லெவியை வரவழைத்துச் சீனமும் திபெத்தியமும் கற்பிக்கச் செய்தார். லெவியிடம் பயின்ற பிரபோத சந்திர பாக்சி பின்னர்ப் பாரிசு சென்று ஆராய்ந்து, சீனத்திலுள்ள பௌத்த நூற்றொகுதியைப் பற்றிப் பிரெஞ்சு மொழியிலேயே பெருநூல் இயற்றினார். 1954-இல் விசுவபாரதியின் துணைவேந்தரும் ஆனார்.

1924-இல் தாகூர் சீனம் சென்று வந்தார். 1927-இல் சிங்கப்பூரில் தான் யுன்-ஷான் என்னும் சீன இளைஞரைச் சந்தித்துத் தம்மிடம் வருமாறு அழைத்தார். மறு ஆண்டே வந்து சேர்ந்த அவ்விளைஞர், பின்னர்த் தம் நாட்டிற்குச் சென்று பவனத்திற்கெனப் பொருளும் நூல்களும் திரட்டினார். 1937 ஏப்ரல் 14-ஆம் நாள் சீன பவனம் திறக்கப்பெற்றது. உடல்நலக் குறைவால் நேரு வர இயலாமையின், அவரது செய்தியை மகள் இந்திரா படித்தார்.

அங்கு நடந்த பணியின் அருமைக்கு ஒரு சான்று கூறுவோம். பாவவிவேகர் இயற்றிய நூலொன்றின் வடமொழி மூலம் மறைந்து, யுவான் சுவாங்கின் சீன மொழிபெயர்ப்பு மட்டும் எஞ்சியிருந்தது. அய்யாசாமி சாஸ்திரியார் அதனை மீண்டும் வடமொழியாக்கி, 'கரதலரத்தினம்' என்னும் பெயரால் 1949-இல் விசுவபாரதி வெளியீட்டில் அளித்தார். குமாரசீவரின் சீன மொழிபெயர்ப்பிலிருந்து அவர் மீட்ட 'சத்தியசித்தி சாஸ்திரம்' 1975-இல் பரோடாவில் அச்சேறிற்று. இஃது எளிய பணியன்று. சீனச் சொற்களுக்கு வேற்றுமை உருபில்லை, காலங்காட்டும் விகுதியில்லை, ஒரே எழுத்து வடமொழிச் சொற்கள் பலவற்றிற்கு ஈடாக நிற்கும். இரு மொழியிலும் ஆழ்ந்த புலமையோடு சாத்திரப் பயிற்சியும் உடையாரே இதனைச் செய்தல் இயலும்.

1962-இல் எல்லைப்போர் மூண்டது. இரு நாட்டு நட்பு முறிந்தபோதும் கல்வி முறியவில்லை. சீன பவனம் நிலைத்து நின்றது. 1964-இல் டில்லிப் பல்கலைக்கழகத்திலும் சீனவியற் கல்வி தொடங்கிற்று. தான் யுன்-ஷான் தாயகம் திரும்பி வாழாது, 1983-இல் புத்தகயையில் மறைந்தார். சாந்திநிகேதனத்தில் 1994-இல் ஜப்பானிய மொழிக்கும் நிப்பான் பவனம் எழுந்தது.

இவ்வரலாறு நமக்கு இரண்டு கடமைகளை உணர்த்துகின்றது. பட்டம் பெறும் நம் இளைஞருள் ஓரிருவரேனும் சீனம், ஜப்பானியம் போன்ற மொழிகளில் முதுகலை பயில முன்வருதல் வேண்டும். அதனினும் முற்பட்டது மற்றொன்று. நம் குடியிருப்புப் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகின்றனர்; எழுத்துக்கூட்டிப் படிக்கவோ இடர்ப்படுகின்றனர். படிப்போர் அற்றால் நூலும் அறும். பின்னர் அதனைத் தேடி அயலார் வாயிலில் நிற்க நேரும்; அங்கும் அது கிடைக்கும் என்பதற்கு உறுதி யாது? ஆதலின் பெற்றோர் ஒவ்வொருவரும் தம் மக்களை நாள்தோறும் சிறிது பொழுதேனும் தமிழ்நூல் படிக்கச் செய்வாராக!