நோயின் பெயரும் மகளின் பெயரும்

மருத்துவமனை வாயிலில் காத்து நிற்கையில் 'ஹெமரேஜ்' என்ற சொல் காதில் விழுந்தால் நாம் கலங்கிப்போகிறோம். 'அனீமியா', 'ஹீமோகுளோபின்', 'ஹீமோபிலியா' என்னும் அதன் உறவுச் சொற்களும் இன்று நம் இல்லங்களில் வழங்குகின்றன. இவை யாவும் ஒரே வேரில் கிளைத்தவை. கிரேக்க மொழியில் 'ஹைமா' என்றால் இரத்தம்.

ஹிப்போகிரேட்டஸின் பெயரால் வழங்கும் பழைய மருத்துவ நூல்களிலேயே இத்தகைய சொற்களைக் காண்கிறோம். இரத்தம் வெளிப்படும் விதத்தையே அம்மருத்துவர்கள் பெயராக்கினர். அணை உடைந்தாற்போல் பீறிட்டால் 'ஹைமொராகியா'. இதன் பின்பகுதி உடைதலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. மூலநோயில் கசிந்து ஒழுகுவதோ 'ஹைமொரோயிஸ்'. இதன் பின்பகுதிக்கு ஒழுகுதல் என்பது பொருள்.

உரோமையரின் இலத்தீனிலும் குருதிக்குச் சொற்கள் உண்டு. உடலில் ஓடுவது 'சாங்குயிஸ்'. காயத்திலிருந்து சிந்துவது 'க்ருவோர்'. எனினும் உரோமையில் மருத்துவம் பெரும்பாலும் கிரேக்கர் கையிலேயே இருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் இலத்தீனில் மருத்துவ நூல் எழுதிய செல்சுஸ், மூலநோயை விளக்குமிடத்தில் கிரேக்கர் இட்ட பெயரையும் உடன் தருகிறார். இவ்வாறு கிரேக்கச் சொற்கள் இலத்தீன் வழியே ஐரோப்பிய மொழிகளிற் புகுந்து, ஆங்கிலத்தின் வாயிலாக நம்மை வந்தடைந்தன.

நற்செய்தி நூல்களும் கிரேக்கத்தில் எழுதப்பட்டவையே. பன்னிரண்டு ஆண்டுகளாக இரத்தப்போக்கினால் வருந்திய பெண்ணை நாம் அறிவோம். அவளது நோயை மாற்கும் லூக்காவும் இரத்தத்தின் ஒழுக்கு என்று விரித்துரைக்கின்றனர். மத்தேயு மட்டும் 'ஹைமொரூசா', அதாவது இரத்தம் ஒழுகுபவள், என்று ஒரே சொல்லில் முடிக்கிறார். குணமடைந்ததைச் சொல்லுமிடத்து, ஊற்று வறண்டதாக மாற்கு எழுத, ஒழுக்கு நின்றதாக லூக்கா எழுதுகிறார். கொலோசையர் திருமுகம் மருத்துவர் எனக் குறிப்பிடும் லூக்கா ஆண்ட அந்த வினையின் வேரே, குருதி நிற்பதைக் குறிக்கும் இன்றைய 'ஹீமோஸ்டாசிஸ்' என்ற சொல்லிலும் இருக்கிறது.

நான்காம் நூற்றாண்டில் திருச்சபை வரலாறு எழுதிய எவுசேபியு, அப்பெண்ணின் நினைவாக நிறுவப்பட்டதென மக்கள் நம்பிய வெண்கலச் சிலையைப் பற்றிக் கூறும்போது, அவளை மத்தேயுவின் சொல்லாலேயே சுட்டுகிறார். கிரேக்க மரபில் நாளடைவில் அதுவே அவள் பெயராயிற்று. நலம்பெற்று நூற்றாண்டுகள் கடந்த பின்னும் நோய் அவளை விடவில்லை!

ஆனால் இயேசு அவளை அவ்வாறு அழைக்கவில்லை. மோசேயின் சட்டப்படி தீட்டுள்ளவளாய், கூட்டத்தில் ஒளிந்து வந்து ஆடையைத் தொட்டவளை, அனைவர் முன்னிலையிலும் 'மகளே' என்றழைத்தார். நற்செய்திகளில் அவர் வேறெந்தப் பெண்ணையும் தனித்து அவ்வாறு அழைத்ததாக நாம் காண்பதில்லை.

நோய்க்குச் சரியான பெயரிடுவது மருத்துவத்தின் கடமை. அதனால் உயிர்கள் பிழைக்கின்றன. ஆயின் 'அந்தக் காசநோய்க்காரர்', 'அந்தச் சர்க்கரைக்காரர்' என்று மனிதருக்கே நோயைப் பெயராகச் சூட்டிவிடுகிறோமே, அது நம் குற்றமன்றோ? இனி நோயுற்றோரைக் காணச் செல்லுகையில் முதலில் அவர்தம் பெயர் சொல்லி, உறவுமுறை சொல்லி அழைப்போம். நோயின் பெயர் மருத்துவக் குறிப்பில் இருக்கட்டும்.