பசியை ஆளும் சுரப்பு

மிகுதியாக உண்பது மனத்தின் குற்றமென்றே உலகம் நெடுங்காலம் எண்ணி வந்தது. அவ்வெண்ணத்தை அசைத்தவர்களுள் ஓர் இந்தியரும் உண்டு. 1951-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், பால் கிருஷ்ண ஆனந்த் என்பார், பிரோபெக் என்பவருடன் கூடி, எலிகளின் மூளையடியிலுள்ள ஹைப்போதலாமஸின் இரு பக்கங்களிலும் நுண்ணிய பகுதிகளைச் சிதைத்தார். உணவு அருகிலிருந்தும் அவ்வெலிகள் உண்ண மறுத்தன. பின்னர் புது டில்லியின் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் அவர் உடலியல் பேராசிரியராக விளங்கினார்.

உடலிலுள்ள கொழுப்பின் அளவை மூளை அறிவது எங்ஙனம்? 1949-இல் ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் அளவிறந்து பருத்த சுண்டெலிகள் தோன்றின. அவற்றுள் ஒன்றன் குருதியோட்டத்தை இயல்பான சுண்டெலியுடன் கோல்மன் இணைத்தபோது, பருத்தது உண்பதைக் குறைத்தது. எனவே, அதனிடம் இல்லாத ஏதோவொரு பொருள் குருதிவழி வந்ததென அவர் துணிந்தார். 1994-இல் ஃப்ரீட்மன் குழுவினர் அதற்குரிய மரபணுவைக் கண்டனர். கொழுப்புத் திசுவே சுரக்கும் அந்த ஹார்மோன் லெப்டின் எனப் பெயர் பெற்றது.

லெப்டின் இன்றிப் பிறந்த சில குழந்தைகளுக்கு அதனை ஊசிவழி செலுத்தியபோது பசி தணிந்தது. ஆயின் பருத்தோர் பெரும்பாலாரிடம் லெப்டின் மிகுந்தே உள்ளது. மூளைதான் அதன் செய்திக்குச் செவிசாய்ப்பதில்லை. ஆதலின் நேயர்களே, பருத்தவரை நாவடக்கம் அற்றவரென்று பழித்தல் தகாது.