விசர் என்று யார் தீர்மானிப்பது?

யாழ்ப்பாணத்தில் நாம் 'விசர்' என்போம். தமிழ்நாட்டில் 'பைத்தியம்', பித்தத்தோடு உறவுள்ள சொல். அரபியில் 'மஜ்னூன்', ஜின் என்ற சொல்லுக்கும் அதற்கும் வேர் ஒன்றே. கொழும்பில் 'அங்கொடை', சென்னையில் 'கீழ்ப்பாக்கம்' என்று இடத்தின் பெயரைச் சொன்னாலே போதும், அந்த ஆளுக்கு வேறு அடையாளம் மிஞ்சாது.

சட்டம் இதை வேறு விதமாகப் பார்க்கிறது. தமிழ்நாட்டில் அகதியாக இருந்து பி.கொம். படித்தபோது, 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவை நாம் மனப்பாடம் செய்தோம். ஒப்பந்தம் செய்யும் வேளையில் அதை விளங்கி, தனக்கு வரும் நன்மை தீமையை எடைபோட முடிந்தால் அவர் தெளிந்த மனமுள்ளவர். மனநல விடுதியில் இருப்பவர்கூட, தெளிவாக இருக்கும் இடைவேளையில் ஒப்பந்தம் செய்யலாம். கடுங்காய்ச்சலில் பிதற்றுகிறவரோ நிறைவெறியில் இருப்பவரோ செய்ய முடியாது. முத்திரை ஆளுக்கு அல்ல, நேரத்துக்கு.

அமீரகத்தின் 1985ஆம் ஆண்டு குடிசார் சட்டம் இஸ்லாமிய சட்ட மரபை ஒட்டியது. மஜ்னூனோடு 'ஸஃபீஹ்' என்றொருவரையும் அது சேர்த்தது: சொத்தை விரயமாக்கும் ஊதாரி. இவருடைய கொடுக்கல் வாங்கலை நீதிமன்றம் தடுக்கலாம். ஊரில் வீடு கட்டக் கடன்மேல் கடன் வாங்கும் நம்மவரில் எத்தனை பேர் தேறுவோமோ, கணக்காளராகிய எமக்குத் தெரியாது!

ஆனால் வளைகுடாவில் எமக்கு முட்டுகிற கேள்வி வேலைதான். விசா வேலையோடு கட்டுண்டது. போரின் காயம் தனியாளின் நோய் மட்டுமல்ல, சமூகத்தின் காயமும்கூட என்று யாழ்ப்பாணத்து மனநல வைத்தியர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் எழுதியிருக்கிறார். அந்தக் காயத்தோடு இங்கே வந்தவர்கள் அதை வெளியே சொல்வதில்லை. எம்மோடு அறையில் இருந்த ஒருவர், இரவில் நித்திரை இல்லாததை மறைத்து, முதுகுவலி என்றே பல மாதம் மருந்தெடுத்தார்.

1981ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கி, அமீரகம் 2023இல் 10ஆம் இலக்க மனநலச் சட்டத்தைக் கொண்டுவந்தது. சிறப்பு மருத்துவக் குழுவின் அறிக்கை இல்லாமல், மனநோயைக் காரணம் காட்டி ஒருவரை வேலையால் நிறுத்தக் கூடாது. நோயாளியின் விபரமும் இரகசியமாக இருக்க வேண்டும். கத்தாரில் 2016இலும் குவைத்தில் 2019இலும் தனி மனநலச் சட்டங்கள் வந்தன. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் பேசாமல் புதுப்பிக்காது விடும் முதலாளியை இவை எவ்வளவு தடுக்கும் என்பது வேறு கதை.

நிறுத்தற் கடிதத்தில் மனநோய் என்று எழுதியிருந்தால், கையெழுத்து வைக்க முன் அந்த அறிக்கையின் பிரதியைக் கேளுங்கள்.