அகச்சிவப்புப் படச்சுருளுக்கான ஒளிவடிகட்டிகள்

கருப்பு வெள்ளை அகச்சிவப்புப் படச்சுருள், கண்ணுக்குத் தெரியும் ஒளியையும், குறிப்பாக நீலத்தையும், சேர்த்தே பதிவு செய்யும். வடிகட்டி இல்லாமல் எடுத்த படம் சாதாரணப் படம் போலவே அமையும். எனவே எந்த வடிகட்டி என்ற தேர்வே படத்தின் தன்மையைத் தீர்மானிக்கிறது.

சூரியனை நோக்க வண்ணக் கண்ணாடிகளைச் சோதித்த வில்லியம் ஹெர்ஷல், சிலவற்றில் ஒளி குறைந்தும் வெப்பம் மிகுந்தும் வருவதை உணர்ந்து, 1800இல் அகச்சிவப்புக் கதிர்களைக் கண்டறிந்தார். 1880களில் ஆங்கிலேய அறிவியலாளர் அப்னி சூரிய நிறமாலையின் அகச்சிவப்புப் பகுதியைப் படமெடுத்தார்.

நிலக்காட்சிகளை இம்முறையில் எடுத்து 1910இல் வெளியிட்டவர் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட். அவர் வடிகட்டியைத் தாமே அமைத்துக்கொண்டார். அடர்ந்த கோபால்ட் நீலக் கண்ணாடி நீலத்தையும் ஆழ்சிவப்பையும் விட்டு நடுநிறங்களைத் தடுக்கும். பொட்டாசியம் டைக்ரோமேட் கரைசல் நீலத்தைத் தடுக்கும். இரண்டையும் சேர்த்தபோது எஞ்சியது ஆழ்சிவப்பு மட்டுமே. முழு வெயிலிலும் ஒளிபதிவுக்குச் சில நிமிடங்கள் பிடித்தன. வானம் கரியதாகவும் இலைகள் வெண்பனி போர்த்தவை போலவும் பதிந்தன. எளிய இரண்டு பொருள்களால் இவ்வளவு நுட்பமான தேர்வு கைகூடியது இத்துறையின் அழகிய செய்திகளுள் ஒன்று. இலை வெண்மைக்குப் பச்சையத்தின் ஒளிர்வும் காரணம் என்பர் சிலர். இலையின் உள்திசுக்கள் கதிர்களைச் சிதறடிப்பதே முதன்மைக் காரணம் என்பது பரவலான கருத்து.

கோடாக் நிறுவனத்தின் ராட்டன் வடிகட்டிகளின் எண்களே பின்னர் பொதுவழக்காயின. 25 சிவப்பு; 89பி ஏறத்தாழ 720 நானோமீட்டரிலும், 87 ஏறத்தாழ 795இலும் பாதியளவு ஒளியைக் கடத்தும். கோடாக் எச்ஐஇ அகச்சிவப்புப் படச்சுருள் சுமார் 900 வரை உணர்ந்ததால், அதற்கு மூன்றும் பொருந்தின. 25 வழியே காட்சியைப் பார்த்தபடியே எடுக்கலாம். 87 கண்ணுக்குக் கரியது. முக்காலியில் சட்டகம் அமைத்த பிறகே அதைப் பொருத்த வேண்டும். எது சிறந்தது என்பதில் ஒருமித்த கருத்தில்லை. அப்படச்சுருளில் வெளிச்சப் பகுதிகளைச் சுற்றிப் படரும் ஒளிவட்டத்தை வடிகட்டியின் விளைவாகக் கருதுவோர் உண்டு. பின்னொளிர்வைத் தடுக்கும் பூச்சு அதில் இல்லாமையே காரணம் எனலாம். 1964இல் வெளிவந்த 'நான் கியூபா' திரைப்படத்தின் வெண்ணிறப் பனைகளும் அகச்சிவப்புப் படச்சுருளின் கொடையே.

எச்ஐஇ உற்பத்தி 2007இல் நிறுத்தப்பட்டது. இல்ஃபோர்ட் எஸ்எஃப்எக்ஸ் 740 வரையும், ரோலை இன்ஃப்ராரெட் 820 வரையுமே உணர்வதால், இன்று 720 நானோமீட்டர் வகை வடிகட்டிகளே பெரிதும் பயன்படுகின்றன. எஸ்எஃப்எக்ஸ் படச்சுருளுக்கு 87 பயன்படாது.